கேட்டது குடுத்தாச்சு

– செருப்ப உதறிட்டு ஏறுக்கா.

– உதறிட்டேண்டா.

– இன்னொரு தரம். எடது கால்ல மணலு ஒட்டியிருக்கு பாரு.

– ஏண்டா ஹுமைத், மணல்ல போறதுக்குன்னே செஞ்ச வண்டி இது. இதுக்குள்ள மணலு வரக்கூடாதா? கூத்தால்ல இருக்கு. நாலு சக்கரத்துக்கும் காத்து எறக்கிட்டியா?

– பதினஞ்சுக்கு எறக்கியாச்சு. ஏறு. கதவ மெதுவா சாத்து. அறையாத.

– சாத்திட்டேன். இந்த சீட்டு உறைய எப்பத்தான் பிரிப்ப? வாங்கி ரெண்டு வருஷம் ஆவுது. காஞ்ச ரொட்டி மேல உக்காந்த மாதிரி கரகரங்குது.

– தோலு சீட்டுக்கா. பால் கலரு. கறை பட்டா போவாது.

– உன் பொண்டாட்டிய ஒருநாளாவது இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்னா அவ இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பா.

– செத்தவள எதுக்கு இழுக்குற? சொன்னாக் கேளு. பெல்ட்டப் போடு. பையில என்ன, பேரீச்சம்பழமா?

– சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவ போறோம். வெறுங்கைய வீசிட்டா போறது?

– மூடியத் தொறக்காத. பிசுக்கு ஒட்டுச்சுன்னா போவாது.

– உள்ள வெக்கவா, கூரையில கட்டவா? நீயே சொல்லு.

– மடியில வெச்சுக்க. பாரு, எட்டு சிலிண்டரு. இந்த மேட்ட எப்படி ஏறுது பாரு. அலுங்குதா? குலுங்குதா? இதே மேட்டுல மத்தவன் வண்டியெல்லாம் மூணு தடவ பின்னால வந்து முட்டி மோதி ஏறுது.

– பாத்தேன், பாத்தேன். ரெண்டு வருஷமா இதத்தான் பாக்குறேன். நம்ம பெரியப்பன் மவன் ரஷீது கல்யாணத்துக்கு, மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போவ கேட்டான். குடுத்தியா?

– இது என்ன வாடகை வண்டியா, வர்றவன் போறவனுக்கெல்லாம் குடுக்க? ஸ்டேரிங்க ஒருத்தன் பிடிச்சாத்தான்க்கா வண்டி வண்டியா இருக்கும். கை மாறுனா கெட்டுப்போவும்.

– பொண்ணு கை மாறுனா மட்டும் கெட்டுப்போவாதாக்கும்.

– ஆரம்பிச்சிட்டியா.

– ரெண்டு நாளா வாயக் கட்டிட்டுதான் இருந்தேன். உன் பொண்ணு அஃப்ரா ரெண்டு நாளா சாப்புடல. உனக்குத் தெரியுமா? அழுதாலும் தேவல. அழுவல. அல் ஐன் காலேஜுக்குக் கொண்டுபோவ பொட்டி கட்டி வெச்சிருந்தால்ல, அதப் பிரிச்சு ஒவ்வொரு துணியா மடிச்சு திரும்ப அலமாரியில வெச்சா. வெள்ளக் கோட்டு ஒண்ணு வாங்கியிருந்தா. நர்ஸு கோட்டு. அத எங்கிட்ட குடுத்து, “அத்த, இத யாருக்காவது குடுத்துருங்க”ன்னா.

– கல்யாணம் ஆனா படிக்கக் கூடாதா? முசல்லம் படிக்க வெப்பான்.

– நாப்பத்தெட்டு வயசுக் கெழவன், வீட்டுல ஒரு பொண்டாட்டி, ஆறு புள்ள, ஊரை விட்டு நாப்பது கிலோமீட்டரு மணலுக்குள்ள ஒரு கொட்டாய். அவன் பத்தொம்பது வயசுப் பொண்ண அல் ஐனுக்கு அனுப்பிப் படிக்க வெப்பான். நீ சொல்ற, நான் நம்பணும்.

– கெழவன்னு சொல்லாத. என்னவிட ஒரு வயசு சின்னவன்.

– அதத்தாண்டா நானும் சொல்றேன்.

– அக்கா, நடந்தது நடந்துபோச்சு. வார்த்தைன்னா வார்த்தை.

– எப்படி நடந்திச்சு, அத மட்டும் எனக்கு இன்னொரு தரம் சொல்லு.

– எத்தன தடவ சொல்றது? மூணு பேரோட வந்தான். அவன் சித்தப்பா, இன்னும் ரெண்டு பெரியவங்க. நம்ம பக்கம் நான் மட்டுந்தான், பையன் பட்டாளத்துல இருக்கான். காப்பி ஊத்துனேன். எல்லாரும் குடிச்சாங்க. அவன் கோப்பைய வாங்கி, வாயில வெக்காம கீழ வெச்சான்.

– கீழ வெச்சா என்னமோ கேக்க வந்திருக்கான்னு அர்த்தம். அது தெரியாதவன் யாரு? நீ என்ன பண்ணியிருக்கணும்? “என்னப்பா வேணும், சொல்லு, என்னால முடியுமா பாக்குறேன்”னு கேட்டிருக்கணும்.

– கேக்குறதா? நம்ம அப்பா என்னைக்காவது கேட்டாரா? கோப்பைய கீழ வெச்சவன்கிட்ட என்னன்னு கேட்டா அது கஞ்சத்தனம். நானும் சொன்னேன். “குடி முசல்லம், நீ கேட்டது குடுத்தாச்சு.”

– என்னத்தக் குடுத்தோம்னே தெரியாம.

– அந்தக் கறுப்பு ஒட்டகத்தக் கேப்பான்னு நெனச்சேன். ஒரு மாசமா அதையே சுத்திச் சுத்தி வந்தான். சரி, போவட்டும்னு இருந்தேன்.

– அவன் காப்பிய ஒரே மடக்குல குடிச்சிட்டு, அஃப்ராவக் குடுன்னான். அப்படித்தான?

– …ஆமா.

– கேக்கும்போது அவன் மூஞ்சி எப்படி இருந்திச்சு? வெக்கம் கிக்கம் ஏதாச்சும்?

– ரோட்டப் பாக்க விடுக்கா.

– இங்க ரோடு எங்கடா இருக்கு?

– மணலப் பாக்க விடு, அதச் சொன்னேன். உச்சியில ஏறும்போது பேச்சுக் குடுக்காத. அந்தப் பக்கம் சரிவு எப்படின்னு தெரியாது.

– எனக்கா சொல்ற? உனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முந்தி நான் இதே மணல்ல தண்ணி லாரி ஓட்டுனவ. பிரேக்க மிதிக்காத, நேரா எறங்கு. ஆங், அப்படி.

– அய்யய்யோ, அந்த மரம். கிளை உரசிடுச்சா? சத்தம் கேட்டுச்சா உனக்கு?

– ஒண்ணும் கேக்கல. போ.

– இல்ல இல்ல, நிறுத்திப் பாத்துட்டு வரேன்.

– பாத்துட்டியா? உயிரு இருக்கா?

– ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. மேலாப்புலதான். துணி வெச்சுத் தேச்சாப் போயிடும்னு நெனைக்கிறேன்.

– எச்சிலத் தொட்டுத் தேச்ச, நான் பாத்தேன். அஃப்ரா சின்னதுல ஒட்டகத்துலேர்ந்து விழுந்து கன்னத்தக் கிழிச்சிட்டு வந்தாளே, அன்னிக்கு நீ பந்தயத்துக்குப் போவ நேரமாச்சுன்னு போயிட்ட. நாந்தான் தூக்கிட்டு ஓடுனேன்.

– பழசெல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருக்க நீ.

– அவளுக்கு அம்மா இல்ல. வேற யாரு நெனப்பு வெச்சுக்குறது? என்னையும் நம்ம அப்பா இப்படித்தாண்டா ஒரு வார்த்தையில அனுப்புனாரு. எவனோ கோப்பைய கீழ வெச்சான், இவரு “குடி”ன்னாரு. பதினாறு வருஷம் அவனோட குடும்பம் நடத்துனேன். அந்த மனுஷன் சாவுற அன்னிக்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு வரல. யாருக்கும் தெரியாம வெங்காயத்த உரிச்சு அழுதேன். அஃப்ராவுக்கு அது வேணாம். என்னால தாங்க முடியாது, சொல்லிட்டேன்.

– நிக்காஹ் பண்ணி வெக்குற காதி கேப்பாருல்ல, பொண்ணுக்குச் சம்மதமான்னு. அவளுக்குப் பிடிக்கலன்னா அங்க சொல்லட்டுமே.

– சொல்ல மாட்டா. நேத்து கேட்டுட்டேன். “அத்த, அப்பா நாலு பேரு முன்னாடி வார்த்த குடுத்துட்டாரு, அது பொய்யாவக் கூடாது, நான் சரின்னுதான் சொல்லுவேன்”ங்குறா. நீ பெத்தது அப்படி. உனக்குக் கொஞ்சமாச்சும் கூசுதா?

– அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது.

– சொல்லு.

– ஒண்ணுமில்ல. போயி எறங்குன உடனே நீ பொம்பளைங்க பக்கம் போயிடு. முசல்லம் அம்மாவப் பாத்துட்டு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு வந்துடு. அந்தம்மாவுக்கு உடம்பு சொகமில்லன்னு கேள்வி. பேச முடியாமக்கூட இருக்கலாம். ரொம்ப நேரம் உக்காராத. முசல்லம்கிட்ட நீ பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல.

– நான் அவன் அம்மாவப் பாக்கவா வரேன்? உன்ன வண்டியில ஏத்துறதுக்கு அப்படிச் சொன்னேன்.

– பின்ன?

– முசல்லம் முன்னாடி உக்காந்து, அவன் ஊத்துற காப்பிய வாங்கி, கீழ வெக்கப் போறேன்.

– உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொம்பள கோப்பைய கீழ வெச்சா ஊரே சிரிக்கும்.

– சிரிக்கட்டும். சிரிச்சிட்டு வாய் வலிச்சா மூடிக்குவாங்க. நீ வார்த்தையத் திருப்பி வாங்க வேணாம். நீ நல்லவனாவே இரு. நான் கேக்குறேன், “அஃப்ராவ விட்டுடு”ன்னு. அவனும் நம்ம மண்ணுல பொறந்தவந்தான, கோப்பைய கீழ வெச்ச பொம்பளைய வெறுங்கையோட அனுப்ப மாட்டான்.

– வேணாங்க்கா.

– ஏன் வேணாம்?

– எனக்குத் தலையெழுத்து, அசிங்கமாப் போவும். அட, மீட்டரு முள்ளு ஏறுது பாரு. வண்டி சூடாவுது. இதோட திரும்பிடுவோம். நாளைக்குக் காலையில வெள்ளனவே கெளம்பி வரலாம்.

– எங்க காட்டு. நடுவுலதான நிக்குது முள்ளு.

– உனக்குத் தெரியாது, இது வேற மாதிரி காட்டும்.

– இருபது வருஷம் லாரி ஓட்டுனவகிட்ட முள்ளக் காட்டிப் பூச்சாண்டி காட்டுறியா? நிறுத்து வண்டிய.

– எதுக்கு?

– நிறுத்துடா.

– அக்கா. அக்கா, எங்க போற? கதவச் சாத்து, மணலு அடிக்குது.

– நீயே சாத்திக்க. நீ திரும்பிப் போ, உன் வண்டியக் கழுவி வெயில் படாம நிறுத்து. அந்தா அந்த மேட்டுக்குப் பின்னால பொகை தெரியுதுல்ல, அதான அவன் கொட்டாய்? நான் நடந்தே போறேன்.

– ரெண்டு கிலோமீட்டரு இருக்கும். வெயிலு மண்டையப் பொளக்குது. உனக்குச் சக்கரை வேற.

– செத்தா இங்கயே பொதைச்சிடு. சீட்டுல ஏத்தாத, கறை படும்.

– சரி, பக்கத்துலயே ஓட்டிட்டு வரேன். ஏறுன்னா ஏறுக்கா. என் மானத்த வாங்காத. கண்ணாடிய எறக்கி வெச்சிருக்கேன், குளிரெல்லாம் வெளிய போவுது.

– போவட்டும். அஃப்ராவோட வாழ்க்கையே போவுது, உனக்குக் குளிரு போறதுதான் தெரியுது.

– நான் என்ன வேணும்னேவா பண்ணேன்? வாயிலேர்ந்து வந்திடுச்சு. அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணல. ஆண்டவன் மேல சத்தியமா அவ நல்லா இருக்கணும்னுதான் நானும் நெனைக்கிறேன். ராத்திரி தூங்கலக்கா நானும்.

– தூங்கலன்னா எந்திரிச்சு ஏதாவது பண்ணு. தூங்காம இருக்குறது ஒரு பெரிய வேலையா?

– மூச்சு வாங்குது உனக்கு. ஏறு.

– கொட்டாய்க்குப் போவேன்னு சொல்லு. ஏறுறேன்.

– போறேன்.

– என்னத் தடுக்க மாட்டேன்னு சொல்லு.

– …தடுக்கல. ஏறு. செருப்ப…

– உதற மாட்டேன்.

– சரி, ஏறு.

– இப்ப ஓட்டு. கோவத்துல அந்தப் பள்ளத்துல விட்டுடாத.

– வந்தாச்சு. அக்கா, இப்பவும் சொல்றேன். கொஞ்சம் யோசி.

– யோசிச்சுத்தான் வந்தேன். எறங்கு. அந்தா வரான் பாரு உன் மருமவன். தாடிய நல்லாத்தான் சீவி வெச்சிருக்கான்.

– அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க, வாங்கக்கா. ஹுமைத் அண்ணே, வாங்க. சேதி என்ன?

– வ அலைக்கும் ஸலாம், முசல்லம். சேதி நல்ல சேதிதான். நாங்க சும்மா… வந்து… உடனே கெளம்பணும்.

– உடனேயா? வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள உக்காருங்க. அக்கா, இப்படி நிழலுக்கு வாங்க. பொம்பளைங்க பக்கம் யாரும் இல்ல, சங்கடப்படாதீங்க. இங்கயே உக்காரலாம், நான் ஒரு ஆளுதான் இருக்கேன்.

– உங்க அம்மா எங்கப்பா?

– அம்மா ஆஸ்பத்திரியிலதாங்க்கா. முதுகுல ஆபரேஷன் ஆச்சு. வீட்டுக்காரி தொணைக்கு இருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவலாம்னு டாக்டரு சொல்லி ஒரு வாரம் ஆச்சு.

– அப்புறம் ஏன் இன்னும் அங்க கெடக்குறாங்க?

– காப்பி ஆறிடப்போவுது முசல்லம், ஊத்து. அக்காவுக்குத் தாகமா இருக்கும்.

– இதோ அண்ணே. எடுத்துக்கங்கக்கா, இப்பத்தான் எறக்குனேன். ஏலக்கா தூக்கலா போட்டிருக்கேன்.

– போட்டிருப்ப. பெரிய எடத்துல சம்பந்தம் பண்ணப் போற, ஏலக்கா போடாம? ஏம்ப்பா, நாப்பத்தெட்டு வயசுல உனக்கு இது தேவையா? உன் மூத்த பொண்ணும் அஃப்ராவும் ஒரே வகுப்புல படிச்சாங்க. அது தெரியுமா உனக்கு?

– தெரியுங்க்கா.

– தெரிஞ்சும் கேட்ட.

– அக்கா, வந்த எடத்துல மரியாத இல்லாம பேசாத. முசல்லம், நீ மனசுல வெச்சுக்காத. அக்காவுக்கு வெயிலு.

– வெயிலும் இல்ல, மழையும் இல்ல. பாரு முசல்லம். நல்லாப் பாத்துக்க. உன் கோப்பைய வாங்கிட்டேன். வாயில வெக்கல. கீழ வெச்சிட்டேன்.

– அக்கா, எடுங்க. எதுக்குங்க்கா இதெல்லாம். குடிங்க. நீங்க கேட்டது குடுத்தாச்சு.

– என்னன்னு கேக்கல நீ.

– கேக்குற வழக்கம் இல்லீங்களே. இந்தக் கொட்டாயா, ஒட்டகமா, என் உயிரா, எதுவா இருந்தாலும் குடுத்தாச்சு. நீங்க குடிங்க.

– அஃப்ராவ விட்டுடு. அவ படிக்கப் போவணும். உனக்குக் குடுத்த வார்த்தையிலேர்ந்து என் தம்பிய விடுவி. இதான் நான் கேக்குறது.

– விட்டுட்டேங்க்கா. அல்லா சாட்சி. அந்தப் புள்ள காலேஜுக்குப் போவட்டும். நானே என் சித்தப்பாகிட்டயும் சொல்லிடுறேன். இப்பக் குடிங்க.

– குடிக்கிறது இருக்கட்டும். இவ்வளவு லேசா விட்டுட்ட. ரெண்டு நாளா நாங்க செத்துப் பொழைச்சோம். இவ்வளவு லேசா விடுறவன் எதுக்குடா கேட்ட?

– அக்கா, கெடச்சிடுச்சுல்ல, எந்திரி. போவலாம். நேரம் ஆவுது.

– நீ இரு. அவன் சொல்லட்டும்.

– சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் அந்தப் புள்ளையக் கேக்கலீங்க்கா. என் மவ மாதிரி அது. நான் எப்படிக் கேப்பேன்? அண்ணன்தான் அவரா குடுத்தாரு.

– அவரா குடுத்தாரா?

– முசல்லம், வேணாம்ப்பா.

– நான் கேக்கப் போனது வேற. அவரு முதல்லயே “குடுத்தாச்சு”ன்னுட்டாரு. நானும் குடிச்சிட்டு விசயத்தச் சொன்னேன். அண்ணன் மூஞ்சி மாறிடுச்சு. அதக் குடுக்க அவருக்கு மனசு வரல. நாலு பேரு முன்னாடி சொன்ன வார்த்தையப் பின்வாங்கணும்னா, கேட்டதவிடப் பெருசா ஒண்ணக் குடுத்தாத்தான மானம் நிக்கும்? “அது வேணாம், என் பொண்ணு அஃப்ராவ உனக்குக் குடுக்கறேன்”னுட்டாரு. பெரியவங்க உக்காந்திருக்காங்க. வேணாம்னு நான் சொன்னா அந்தப் புள்ளைக்கில்ல அவமானம்? வாய மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எப்படிடா இதுலேர்ந்து வெளிய வர்றதுன்னு ரெண்டு நாளா நானும்தான் முழிச்சிட்டு இருக்கேன்.

– பொண்ணையே குடுக்குற அளவுக்கு நீ அப்படி என்னத்தடா கேட்ட?

– அம்மாவ முதுகு குலுங்காம இந்த மணல்ல வீட்டுக்குக் கூட்டியாரணும்ங்க்கா. வெளிய நிக்குதே அந்த வண்டி, அத ஒரே ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன்.